தங்கச்சிக்கு பெப்பர் ஸ்ப்ரே வாங்கப் போய் நான் கத்துக்கிட்டது

போன வருஷம் என் தங்கச்சிக்கு சென்னை தரமணியில வேலை கெடச்சுது. மதியம் 1 மணிக்குப் போனா நைட்டு 10 மணிக்கு விடுவாங்க, அப்புறம் பறக்கும் ரயில் புடிச்சு ஹாஸ்டலுக்கு வரணும். பறக்கும் ரயில் ஸ்டேஷன்லாம் எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேணாம். எவ்ளோ பெரிய கட்டடம், உள்ள ஆளே இருக்காது, பிளாட்ஃபாரத்துலேர்ந்து கீழ ரோட்டுக்கு எறங்கி வர்றதுக்குள்ள நாலஞ்சு தடவை படி திரும்பும், ஒவ்வொரு திருப்பத்துலயும் அந்தப் பக்கம் யார் நிக்கறாங்கன்னு தெரியாது. அவ எறங்கற ஸ்டேஷன் பேரை வேணும்னேதான் எழுதல.

ஊர்லேர்ந்து கெளம்பும்போது அம்மா அவ பைக்குள்ள ஒரு டானிக் பாட்டில்ல மிளகாப்பொடி போட்டு வச்சு விட்டாங்க. எங்க பக்கம் அந்தக் காலத்துலேர்ந்து இதுதான், எங்க ஆச்சியும் சந்தைக்குப் போகும்போது முந்தானையில மிளகாப்பொடி முடிஞ்சுட்டுப் போவாங்களாம். அம்மாவைக் குறை சொல்லல, அவங்களுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பை குடுத்து விட்டாங்க. ஆனா வேலைக்குச் சேர்ந்து மூணாவது வாரம் ஒருத்தன் பிளாட்ஃபாரத்துலேர்ந்து படி முழுக்க இவ பின்னாடியே வந்திருக்கான், இவ நின்னா அவனும் நின்னிருக்கான். நல்லவேளை கீழ ஒரு குடும்பம் ஆட்டோவுக்கு நின்னுட்டு இருந்திருக்காங்க, ஓடிப் போய் அவங்க பக்கத்துல நின்னுக்கிட்டா. எனக்கு போன் பண்ணி அழுதுக்கிட்டே சொன்னது ஒண்ணுதான், "அக்கா, அந்த பாட்டில் மூடியைத் தெறக்கவே முடியலக்கா, கை நடுங்குது."

அந்த வார்த்தை என்னை விடவே இல்ல. அதுக்கப்புறம் ஒரு மாசம் நான் இதைப் பத்தியே படிச்சேன், அழுத்தினா மூஞ்சியில காரத்தைப் பீச்சற பெப்பர் ஸ்ப்ரே டப்பா மூணு நாலு வாங்கினேன், எங்க வீட்டு மொட்டை மாடியில அடிச்சுப் பாத்தேன், ஒரு தடவை என் கண்ணுலயும் பட்டுச்சு. தெரிஞ்சுக்கிட்டதை எழுதி வைக்கறேன், யாராவது ஒரு அக்கா, ஒரு அப்பா தேடும்போது கெடச்சா போதும்.

முதல்ல மிளகாப்பொடி ஏன் சரிப்படாதுன்னு சொல்லிடறேன். மூடியைத் தெறக்கணும், கையில கொட்டணும், வீசணும், அதுக்குள்ள அவன் பக்கத்துல வந்துடுவான். பொடிங்கறதால காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம்தான் போகும், பறக்கும் ரயில் பிளாட்ஃபாரம் உயரத்துல இருக்கு, எப்பவும் காத்துதான். சிலபேர் யூடியூப் பாத்துட்டு மிளகாத்தூளைத் தண்ணியில கரைச்சு ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி வைக்கறாங்க, தயவுசெஞ்சு அதையும் பண்ணாதீங்க, மிளகாயோட காரம் தண்ணியில சரியா கரையாது, அடியில கசடு தங்கி ஓட்டையை அடைச்சுக்கும், பத்து நாள்ல கெட்டும் போயிடும். தேவைப்படற அன்னிக்கு அழுத்தினா ஒண்ணும் வராது.

பெப்பர்னு பேர் இருக்கறதால மிளகுன்னு நெனைக்கறவங்க இன்னமும் இருக்காங்க, உள்ள இருக்கறது மிளகாய்தான். மிளகாயிலேர்ந்து எடுக்கற பிசின் மாதிரியான கெட்டி எண்ணெய், ஓலியோரெசின் கேப்சிகம்னு பேரு, சுருக்கமா ஓசி. அதுல காரம் தர்ற பொருள் கேப்சைசினும் அதோட சொந்தக்காரங்களும், மொத்தமா கேப்சைசினாய்டுன்னு சொல்லுவாங்க. நம்ம தோல்லயும் கண்ணுலயும் நெஜமான சூட்டை, கிட்டத்தட்ட 43 டிகிரிக்கு மேல போனா கண்டுபிடிச்சு மூளைக்குச் சொல்ற ஒரு புரதம் இருக்கு, கேப்சைசின் அதே புரதத்தைத்தான் போய்த் தட்டுது, அதனாலதான் நெருப்பே படாம நெருப்பு பட்ட மாதிரி எரியுது. 1997ல இந்தப் புரதத்தைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல மருத்துவ நோபல் பரிசுல பங்கு குடுத்தாங்க. கண்ணுல பட்டா இமை தானாவே மூடிக்கும், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் பெரும்பாலும் தெறக்க முடியாது, மூச்சு உள்ள இழுத்திருந்தா இருமல் புடிச்சுக்கும். எரிச்சல் அரை மணிநேரம், முக்கால் மணிநேரம் இருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். நிரந்தரமா எதுவும் ஆகறது அபூர்வம், ஆனா ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆபத்தாகலாம், இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப டப்பா கதைக்கு வரேன். முதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், கம்பெனி பேர் வேணாம். 'உலகத்துலயே ஸ்ட்ராங்'னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, சதவீதம் பெருசா போட்டிருந்தாங்க, தயாரிச்ச தேதி மட்டும் எங்கயும் இல்ல. சின்டெக்ஸ் டேங்க் மேல பழைய பேப்பரை ஒட்டி, அதுல தலை அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, ஆறடி தள்ளி நின்னு அடிச்சேன். முதல் செகண்ட் நல்லா போச்சு. ரெண்டாவது செகண்ட்ல வேகம் கொறைஞ்சு மூணடியிலயே தரையில விழுந்துச்சு, அப்புறம் என் விரல் மேலயே வழிஞ்சுச்சு. உள்ள திரவம் இன்னும் இருந்துச்சு, ஆட்டிப் பாத்தா சத்தம் கேக்குது, தள்ளி விடற வாயு போயிடுச்சு, அவ்ளோதான். எனக்கு அன்னிக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. இதை நம்பி ஒரு பொண்ணு ராத்திரி படியில எறங்கி வருவா.

அந்த சதவீதக் கணக்கை உக்காந்து புரிஞ்சுக்கிட்டேன், ஏன்னா எல்லாரும் ஏமாறறது அங்கதான். டப்பா மேல 10 சதவீதம் ஓசின்னு போட்டிருந்தா, உள்ள இருக்கற திரவத்துல 10 சதவீதம் அந்த மிளகாப் பிசின்னு அர்த்தம். அந்தப் பிசின் எவ்ளோ காரம்னு அது சொல்லவே சொல்லாது. குண்டூர் மிளகாயும் மிளகாய்தான், பஜ்ஜி மிளகாயும் மிளகாய்தான், இல்லயா? காரத்தை ஸ்கோவில்ங்கற அளவுல சொல்லுவாங்க, 1912ல வில்பர் ஸ்கோவில்னு ஒரு அமெரிக்கர் கொண்டுவந்தது. சுத்தமான கேப்சைசின் 1 கோடியே 60 லட்சம், அசாம் பக்கத்து பூத் ஜோலோக்கியா மிளகாய் 10 லட்சத்தைத் தாண்டும். இப்ப ஒரு டப்பாவுல 10 சதவீதம் ஓசி, ஆனா அந்தப் பிசின் 5 லட்சம் காரம்தான்னு வைங்க, உள்ள இருக்கற திரவத்தோட காரம் 50 ஆயிரம்தான் வரும். இன்னொரு டப்பாவுல 5 சதவீதம்தான், ஆனா பிசின் 20 லட்சம்னா திரவம் 1 லட்சம். அதாவது 5 சதவீத டப்பா 10 சதவீத டப்பாவை விட ரெண்டு மடங்கு காரம். அதே மாதிரி டப்பா மேல '20 லட்சம் ஸ்கோவில்'னு போட்டிருந்தா அது பெரும்பாலும் கலக்கறதுக்கு முன்னாடி இருந்த பிசினோட காரம், நம்ம கையில இருக்கற திரவத்தோடது இல்ல.

உண்மையான காரத்தைச் சொல்ற ஒரே நம்பர் கேப்சைசினாய்டு எவ்ளோ சதவீதம்ங்கறதுதான், வெளிநாட்டு டப்பாவுல மேஜர் கேப்சைசினாய்டுங்கறதைச் சுருக்கி எம்சின்னு போட்டிருப்பாங்க. அமெரிக்காவுல விக்கறதுல சாதாரணமா 0.18லேர்ந்து 1.33 சதவீதம் வரைக்கும் இருக்கும், கரடியை விரட்ட விக்கறதே 1லேர்ந்து 2 சதவீதம்தான். அதனால யாராவது 18 சதவீதம் 20 சதவீதம்னு சொன்னா மயங்காதீங்க, அது ஓசி கணக்கு. நம்ம ஊர்ல விக்கற நெறைய டப்பாவுல எம்சி போடறதே இல்ல. போட்டிருந்தா அதை எடுங்க. இல்லன்னா தயாரிச்ச தேதி, காலாவதி தேதி, கம்பெனி முகவரி, அளவு இதெல்லாம் அச்சடிச்சு இருக்கானு பாத்து வாங்குங்க, ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்டி தேதி மாத்தினது ஒண்ணும் என் கைக்கு வந்துச்சு, திருப்பி அனுப்பிட்டேன். வெலை எல்லாம் 200லேர்ந்து 500 ரூபாய்க்குள்ளதான், வெலையை வச்சு எதையும் முடிவு பண்ண முடியல.

ரெண்டாவதா வாங்கினது புகை மாதிரி விரிஞ்சு வர்ற ரகம். கடையில அந்தத் தம்பி "இதுதான் மேடம் பெஸ்ட்டு, குறி பாக்கவே வேணாம்"னு சொன்னாரு. சாயங்காலம் 5 மணி இருக்கும், கெழக்குலேர்ந்து கடல்காத்து வந்துட்டு இருந்துச்சு, நான் கெழக்குப் பக்கம் பாத்து நின்னுட்டேன். அடிச்ச மறு நிமிஷம் பாதி என் மூஞ்சிக்கே வந்துடுச்சு. எரிச்சல்ங்கற வார்த்தை பத்தாது அதுக்கு. கண்ணை யாரோ கையை வச்சு மூடின மாதிரி இருந்துச்சு, மூச்சு விட்டா நெஞ்சு வரைக்கும் எரியுது, மாடிப்படி எங்க இருக்குன்னே தெரியல, செவுத்தைத் தடவிக்கிட்டே எறங்கினேன். வீட்டுக்காரர் பாலை எடுத்துட்டு ஓடி வந்தாரு. இது பத்தி அப்புறம் படிச்சேன், 2008ல அமெரிக்காவுல 49 பேரு சம்மதிச்சு மூஞ்சியில இதைப் போட்டுக்கிட்டு, பால், பேபி ஷாம்பு, தண்ணி, ஆன்டாசிட் மருந்து, மரத்துப் போற ஜெல் எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க, எதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, நேரம் போகப் போகத்தான் வலி கொறைஞ்சிருக்கு. அதனால பட்டுட்டா கண்ணைத் தேய்க்காதீங்க, கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தா கழட்டிடுங்க, காத்தோட்டத்துல நில்லுங்க, கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருங்க, நெறைய பச்சைத்தண்ணி ஊத்துங்க. தோல்ல இருக்கறது எண்ணெய், அதைச் சோப்பு போட்டுக் கழுவினாத்தான் போகும், கையைக் கழுவாம மறுபடி கண்ணைத் தொட்டா மறுபடி ஆரம்பிக்கும். எனக்கு முக்கால் மணிநேரம் ஆச்சு சாதாரணமா கண் தெறக்க.

அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது, எந்த எடத்துல நடக்கறோமோ அதுக்கு ஏத்த ரகத்தைத்தான் வாங்கணும்னு. புகை ரகத்துக்குக் குறி வேணாம்ங்கறது நெஜம்தான், ஆனா காத்துல திரும்பி வரும், மூடின எடத்துல எல்லாரையும் அடிக்கும். 2014 பிப்ரவரியில தெலங்கானா மசோதா வந்த அன்னிக்கு மக்களவையில லகடபாட்டி ராஜகோபால்னு ஒரு எம்பி பெப்பர் ஸ்ப்ரே அடிச்சாரே ஞாபகம் இருக்கா, அவ்ளோ பெரிய ஹால்லயே எம்பிங்க இருமிக்கிட்டே வெளிய ஓடினாங்க, சிலரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அப்படின்னா லிஃப்ட்லயோ ஷேர் ஆட்டோவுலயோ அடிச்சா நாமளும் சேர்ந்து மாட்டுவோம். கோடு மாதிரி நேரா பீச்சியடிக்கற ரகம் பத்தடி பன்னண்டடி போகும், காத்து அவ்ளோவா திருப்பாது, ஆனா கண்ணுல படற மாதிரி அடிக்கணும். ஜெல் ரகம் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், ஒட்டிக்கும், சுத்தி இருக்கறவங்களுக்குப் பரவாது, ஆனா வேலை செய்ய ஒரு செகண்ட் கூடுதலா எடுக்கும், மூச்சுல போகறதும் கம்மி. பிளாட்ஃபாரக் காத்து, படிக்கட்டு, கூட்டமான பஸ் இதெல்லாம் யோசிச்சு தங்கச்சிக்கு நான் நேரா பீச்சற ரகம்தான் எடுத்தேன். ஒரே பேட்ச்ல ரெண்டு டப்பா. ஒண்ணு அடிச்சுப் பாக்க, ஒண்ணு அவளுக்கு. இதை எல்லாருக்கும் சொல்வேன், செலவு ரெட்டிப்பாகுதேன்னு பாக்காதீங்க, ஒண்ணை முழுசா காலி பண்ணிப் பாத்தாதான் அது எவ்ளோ தூரம் போகுது, மொத்தம் எத்தனை செகண்ட் வருதுன்னு தெரியும். எங்களுது ஏழு செகண்ட் வந்துச்சு, கடைசி வரைக்கும் வேகம் கொறையல.

அடுத்தது லாக். இதுக்கு யாருமே முக்கியத்துவம் குடுக்கறது இல்ல, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமா படுது, அந்த டானிக் பாட்டில் மூடிதான் காரணம். சில டப்பாவுல மேல தனி மூடி, அதைக் கழட்டி ஒரு கையில வச்சுக்கணும், அது வேணவே வேணாம். சிலதுல திருகற லாக், பழகினா பரவால்ல. எங்களுக்குப் புடிச்சது பட்டன் மேல ஒரு சின்ன மூடி இருக்கும், கட்டைவிரலை அதுக்குக் கீழ நொழைச்சு அழுத்தினா போதும். பைக்குள்ள தானா அமுங்காது, இருட்டுல தடவியே எந்தப் பக்கம் ஓட்டைன்னு தெரியும். டப்பாவை உள்ளங்கையில இறுக்கிப் புடிச்சு கட்டைவிரலால அழுத்தணும், சென்ட் அடிக்கற மாதிரி ஆள்காட்டி விரலால அழுத்தினா யாராவது கையைத் தட்டினதும் கீழ விழுந்துடும்.

தங்கச்சியை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி மாடியில பழக்கினேன். முதல் நாள் காலி டப்பாவை வச்சு, ஹேண்ட்பேக்ல போட்டுட்டு எடுக்கச் சொன்னேன், டிபன் பாக்ஸ், சார்ஜர், ஹெட்செட் ஒயரெல்லாம் தாண்டி எடுக்க அவளுக்கு பதினோரு செகண்ட் ஆச்சு. பதினோரு செகண்ட்ல ஒருத்தன் எங்கேர்ந்து எங்க வந்துடுவான்னு நானே நடந்து காட்டினேன், அவ மொகம் மாறிடுச்சு. அன்னிக்கே முடிவு பண்ணோம், ரயில் நிக்கறதுக்கு முன்னாடியே டப்பா கையில இருக்கணும், ஷாலுக்குள்ள மறைச்சுக்கிட்டு, கட்டைவிரல் மூடிக்குக் கீழ. ஹாஸ்டல் கேட் உள்ள போன அப்புறம்தான் பைக்குள்ள போகணும். அப்புறம் ஆளு கிட்ட வர்றப்ப ஒரு கையை முன்னாடி நீட்டி "கிட்ட வராத"ன்னு கத்தணும், கத்தறது முக்கியம், நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. நிக்காம வந்தா கண்ணு மட்டத்துல இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு, அடிச்சுக்கிட்டே பக்கவாட்டுல ஒதுங்கணும், ஏன்னா கண்ணு தெரியாம அவன் நேரா முன்னாடிதான் பாய்வான். அப்புறம் ஓட்டம். அவனுக்கு என்னாச்சுன்னு நின்னு பாக்கவே கூடாது, வெளிச்சம் இருக்கற பக்கம், ஆளுங்க இருக்கற பக்கம் ஓடணும்.

ஒண்ணு வெளிப்படையா சொல்லணும், இது எல்லாரையும் நிறுத்திடாது. நல்லா குடிச்சவன், போதையில இருக்கறவன் சிலபேர் வலி தெரியாம மேல வருவாங்க. கண்ணாடி போட்டவனுக்கு நேரா அடிச்சா கண்ணாடியில போயிடும், கொஞ்சம் மேல நெத்தியில அடிச்சா வழிஞ்சு உள்ள எறங்கும். மூணு நாலு பேரா வந்தா எல்லாரையும் அடிச்சு ஜெயிக்கணும்னு நெனைக்கவே கூடாது, வழி கெடைக்கற பக்கம் ஒருத்தனை அடிச்சுட்டு ஓடணும். நமக்குக் கெடைக்கறது சில செகண்ட், அந்த செகண்டை ஓடறதுக்குத்தான் செலவு பண்ணணும்.

சட்டம் பத்தி தங்கச்சி பயந்தா, போலீஸ் நம்மளைப் புடிக்குமானு கேட்டா. நம்ம நாட்டுல வச்சுக்க லைசென்ஸ் எதுவும் வேணாம். 2024 ஜூலை 1லேர்ந்து ஐபிசிக்குப் பதிலா வந்திருக்கற குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 34லேர்ந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பத்தினது, பழைய ஐபிசியில 96லேர்ந்து 106. தற்காப்புக்குப் பண்ணா குத்தம் இல்ல, ஆனா தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. கோவத்துல, சொத்துத் தகராறுல, வண்டி உரசின சண்டையில எல்லாம் எடுத்து அடிச்சா கேஸ்தான். 2024ல கர்நாடகா ஐகோர்ட் ஒரு தகராறு கேஸ்ல பெப்பர் ஸ்ப்ரே ஆபத்தான ஆயுதம்தான்னு சொல்லி கேஸை ரத்து பண்ண மறுத்துடுச்சு. விமானத்துல கைப்பையிலயும் கூடாது, போடற லக்கேஜ்லயும் கூடாது. படிக்க வெளிநாடு போற பொண்ணுங்க ரொம்பக் கவனம், இங்கிலாந்துலயும் சிங்கப்பூர்லயும் இதை வச்சிருக்கறதே குத்தம், ஊர்லேர்ந்து போகும்போது பையில கெடக்கானு ஒரு தடவை துழாவிப் பாத்துடுங்க.

அடிச்சுட்டு ஓடி வந்த அப்புறம் 112க்கு போன் பண்ணி நாமளே முதல்ல சொல்லிடணும், என்ன நடந்துச்சு, எந்த எடம், ஏன் அடிச்சோம்னு. பெண்களுக்கான 181, ரயில்னா 139, இதெல்லாம் அவ போன்ல சேவ் பண்ணி வச்சோம், தமிழ்நாடு போலீஸோட காவல் உதவி ஆப்பும் போட்டுக் குடுத்தேன்.

இப்பக்கூட எனக்கு மனசு ஆறல, 22 வயசுப் பொண்ணு வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்கு கட்டைவிரலை ஒரு பட்டன் கீழ வச்சுக்கிட்டே வரணுமான்னு. அந்தப் படிக்கட்டுல நாலு லைட்டும் ஒரு காவலரும் இருந்தா நான் இந்த பதிவே எழுதியிருக்க மாட்டேன். லைட்டுக்கு மனு எழுதிக் குடுத்திருக்கோம், ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாரும் கையெழுத்து போட்டிருக்காங்க. அது வர்ற வரைக்கும் டப்பா இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப அம்மா அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அவங்க விடியக்காலை 5 மணிக்கு பூ வாங்க மார்க்கெட்டுக்கு நடந்து போறவங்க. "ஏட்டி, எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, அந்த ஓடைப்பாலத்துகிட்ட எனக்கும் பயந்தான்"னாங்க. இத்தனை வருஷத்துல அம்மா பயம்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. வாங்கிக் குடுத்திருக்கேன், அதே ரகம், காலாவதி தேதியை மார்க்கர்ல பெருசா எழுதி, ரெண்டு வருஷம் கழிச்சு மாத்தணும்னு என் போன்ல ரிமைண்டரும் போட்டாச்சு. அடுத்த நாள் பாத்தா அடுப்பு மேடையில தீப்பெட்டி பக்கத்துல வச்சிருக்காங்க. உள்ள அழுத்தத்துல வாயு இருக்கும்மா, 50 டிகிரிக்கு மேல சூடு பட்டா வெடிக்கலாம், அடுப்புகிட்டயோ வெயில்ல நிக்கற வண்டி டிக்கியிலயோ வைக்கவே கூடாதுன்னு சொல்லி, வாசக்கதவுகிட்ட சாவி மாட்டற ஆணியில ஒரு துணிப்பையில போட்டு மாட்டி விட்டுட்டு வந்தேன். சாவி எடுக்கும்போது அதுவும் கையில வந்துடும்.